பச்சத்தண்ணி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒன்றுசேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்கிறது. எந்தத் தோட்டத்துப் பீலி இனிப்பு, எந்தப் பீலியில் அட்டை வரும், எந்த லயத்துப் பெண்கள் குடத்தால் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்று ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறீர்கள். மூங்கிலையோ தகரத்தையோ சொருகி ஊற்றுத் தண்ணீரை ஒழுகவிட்டிருப்பார்களே, அந்தப் பீலியைத்தான் சொல்கிறேன். டவுனில் பிறந்த உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு நீங்களே விளக்கிக்கொள்ளுங்கள். "அந்தத் தண்ணி மாதிரி வருமா" என்று நீங்கள் சப்புக்கொட்டும்போதெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். இவள் எப்போதும் உம்மணாமூஞ்சிதான் என்று நினைத்திருப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை நான் பேசாததற்கு ஒரே காரணம் என் அம்மா. அவள் காதுக்கு எந்த வழியிலாவது போய்விடக் கூடாது என்று இருந்தேன். போன மாசியில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். முப்பதாம் நாள் காரியமும் முடிந்தது. இனி யாருக்காக மறைப்பது? சொல்லிவிடுகிறேன். நடுவில் குறுக்கே பேசாதீர்கள், அப்புறம் எனக்கு வராது.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டம். அதில் வரிசையாக ஒட்டிக் கட்டிய மேட்டு லயத்தில் எங்கள் வீடு. வீடு என்றால் காம்பரா என்கிற ஒற்றை அறை, முன்னால் திண்ணை மாதிரி ஓர் இஸ்தோப்பு, அவ்வளவுதான். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். திரும்பிப் போனால் அம்மாவின் முகம் பத்து நாளைக்குத் தொங்கிக் கிடக்கும். ஆக வீட்டில் நாங்கள் மூன்று பேர்: கொழுந்து பறிக்கப் போகும் அம்மா, பத்து வயதான நான், ஐந்து வயதை எட்டிக்கொண்டிருந்த தங்கச்சி.

தங்கச்சி கறுப்பு, கட்டை, வாய் மட்டும் ஏழு ஊருக்குக் காணும். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். ஒரு நாளாவது நடந்து போய் நான் பார்த்ததில்லை, எங்கே போனாலும் ஓட்டம்தான். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் புள்ளமடுவத்தில் இருந்த ஆயாவே அவளுக்குப் பயப்படுவாள். "இந்தப் புள்ள என்னயவே கேள்வி கேக்குதுங்க" என்று அம்மாவிடம் புகார் சொல்வாள். அம்மா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, வரும் வழியெல்லாம் சிரிப்பாள்.

அந்த வருஷம் மழையைத் துரத்தும் கச்சான் காற்று நிற்கவேயில்லை. மலையில் புல் கருகி, தேயிலை இலை சுருண்டு, பீலித் தண்ணீர் முதலில் விரல் தடிமனானது, அப்புறம் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம். பங்களாவுக்கும் ஃபேக்டரிக்கும் மேலே வேறு ஊற்றிலிருந்து குழாய் போட்டிருந்தார்கள், அது வற்றவில்லை. துரையின் ரோசாச் செடிகள் பூத்துக்கொண்டுதான் இருந்தன. நாங்கள் விடியுமுன் பீலியடியில் குடங்களை வரிசையாக வைப்போம். குடம் இல்லாதவர்கள் ஒரு கல்லை வைத்து இடம் பிடிப்பார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே அலுமினியக் குடம். அது வீட்டில் தண்ணீரோடு இருக்கும்போது இடம் பிடிக்கத் தங்கச்சிதான். வரிசையில் மற்றக் குடங்களுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்துகொள்வாள். யாராவது "நீ எதுக்குடி இங்க" என்று கேட்டால், கையிரண்டையும் இடுப்பில் வைத்து, "நான்தான் எங்க ஊட்டுக் கொடம்" என்பாள். நகர்த்திப் பார்க்கட்டும் ஒருத்தி. கடித்துவிடுவாள்.

தண்ணீர் இல்லாவிட்டால் இன்னொன்றும் இல்லாமல் போகும். அதைப் பற்றி மட்டும் நீங்கள் யாரும் பேசுவதில்லை. பன்னிரண்டு காம்பராவுக்கு இரண்டு கக்கூஸ். ஒன்றுக்குக் கதவு கிடையாது, சாக்குத்தான். ஊற்றிவிடத் தண்ணீர் இல்லாமல் ஒரு மாதத்தில் இரண்டும் கிட்டே போக முடியாதபடி ஆகிவிட்டன. அதனால் லயத்துச் சனம் மொத்தமும் மேலே தேயிலை மலைக்குள் போனது. ஆம்பளைகள் நினைத்த நேரம் போனார்கள். பொம்பளைகள் விடியுமுன் ஒரு தரம், பொழுது சாய்ந்த பிறகு ஒரு தரம். நடுவில் அடக்க வேண்டும். அடக்குவதற்கு ஒரே வழி குடிக்காமல் இருப்பது. அம்மா எனக்குப் பழக்கினாள். "வெயிலேறினப்புறம் ஒரு மொடக்கும் குடிக்காத. தாகமா இருந்தா நாக்க மேல ஒட்டிக்கிட்டு வேற எதயாச்சும் நெனச்சுக்க." நான் சீக்கிரம் பழகிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பெருமைகூட அடித்துக்கொள்வோம், யார் அதிக நேரம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது என்று. எனக்கு மூத்திரக் கடுப்பு வந்தது, அம்மா விளக்கெண்ணெய் தடவினாள். காரணம் என்னவென்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது எப்படி என்று கேட்கிறீர்களா? காரியத்துக்குப் போனபோது பார்த்தேன். லயத்துக்கு மேலே நீல நிறத்தில் பெரிய பிளாஸ்டிக் டாங்கி. பக்கத்தில் யாரோ திறந்து வைத்ததாகக் கல்வெட்டு வேறு. காலையில் முக்கால் மணி நேரம் தண்ணீர் வருகிறதாம், அதுவும் கலங்கல். வீட்டுக்கு வீடு புதிதாகக் கக்கூஸ் கட்டியிருக்கிறார்கள். ஊற்றத் தண்ணீர் இல்லாததால் பாதிப் பேர் அதில் விறகு அடுக்கியிருக்கிறார்கள். அங்கே நின்ற ஒரு சின்னப் பெண்ணிடம் "ராத்திரியில எங்கம்மா போவீங்க" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு மலையைக் காட்டினாள்.

சரி, கதைக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு விரதப் பைத்தியம். வெள்ளிக்கிழமை ஒரு விரதம், அப்பாவுக்காக ஒரு விரதம், மழைக்காக ஒரு விரதம். அவள் விரதம் என்றால் பழம் பால் எல்லாம் கிடையாது. "பச்சத்தண்ணி பல்லுல படாம இருந்தேன்" என்று அடுத்த காம்பரா அத்தையிடம் சொல்லுவாள். நம் சனத்துக்கு அந்தச் சொல் அப்படித்தானே? பட்டினி கிடந்தாலும் பச்சத்தண்ணி குடிக்கவில்லை என்போம், எதிரி வீட்டுக்குப் போனாலும் பச்சத்தண்ணி தொடவில்லை என்போம். ஒன்றுமே, ஒரு சொட்டுமே இல்லை என்று அர்த்தம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் தங்கச்சியின் உயிர் இந்த ஒரு சொல்லில்தான் போனது.

புரட்டாசி முடியும்போது மழை வந்தது. அப்படி ஒரு மழை. தகரத்தில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. லயமே வாசலுக்கு வந்து நனைந்தது. அத்தை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கிழவி மாதிரி இல்லாமல், குதித்தாள். மறுநாள் காலையில் பீலி கை தடிமனுக்கு ஓடியது. செம்மண் நிறத்தில் வந்தது. அம்மா தன் பழைய சேலைத்துணியைக் குடத்து வாயில் கட்டி வடித்தாள். மண் எல்லாம் துணியில் நின்றுவிட்டது. "பாரு, கண்ணாடியாட்டம் இருக்கு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். துணியில் நிற்காதது எது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? மூன்று மாதம் லயத்துச் சனம் போய் உட்கார்ந்த மலையை மழை கழுவி, தேயிலைக்கு நடுவில் வெட்டிய கான் வழியாக இறக்கி, அந்த ஊற்றில் கொண்டுவந்து சேர்த்திருந்தது. தங்கச்சி பீலிக்கு நேரே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். வயிறு உப்பக் குடித்தாள். நான்தான் அவள் விழாமல் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அத்தையின் மகனுக்கு வயிற்றால் போனது. அன்று மத்தியானம் தங்கச்சிக்கு. முதலில் சிரித்துக்கொண்டுதான் ஓடினாள். சாயங்காலம் ஓட முடியாமல் இஸ்தோப்பிலேயே இருந்தாள். அரிசி கழுவிய தண்ணீர் போலப் போனது. வாந்தியும் வந்தது. விடிந்ததும் அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு நடந்தாள், நான் பின்னால் கம்பளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே மருந்து கொடுப்பவரை டொக்டர் ஐயா என்போம். படித்த டொக்டர் இல்லை, ஆனால் மூன்று தோட்டத்துக்கு அவர் ஒருத்தர்தான். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு வரிசை ரோட்டு வரைக்கும் நின்றது, எல்லார் மடியிலும் பிள்ளைகள். அவர் தங்கச்சியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், ரோஸ் கலர் மருந்தை எங்கள் போத்தலில் ஊற்றினார்.

"மூணு வேள குடு. பச்சத்தண்ணி மட்டும் குடுத்துறாத, வெளங்குதா? ஒரு சொட்டு குடுக்கக் கூடாது. எல்லாம் அந்தத் தண்ணியாலதான் வருது."

"சரிங்க ஐயா."

"நான் சொல்றது கேக்குதா? பச்சத்தண்ணி வாயில படக் கூடாது."

"படாதுங்க ஐயா. சத்தியமா படாது."

"அடுத்த ஆள்" என்றார்.

அவர் டவுனில் வளர்ந்தவர். காய்ச்சாத தண்ணீருக்கு அங்கே அதுதான் பெயர். காய்ச்சி ஆறவைத்துக் கொடு என்ற மற்றப் பாதியை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்தாரோ, வரிசையின் நீளத்தைப் பார்த்துச் சொல்லாமல் விட்டாரோ. அம்மா காதில் விழுந்தது அவளுக்குத் தெரிந்த பச்சத்தண்ணி.

வீட்டுக்கு வந்ததும் அத்தை வந்து எட்டிப் பார்த்தாள். அம்மா டொக்டர் ஐயா சொன்னதைச் சொன்னாள். "சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றாள் அத்தை. "போறதே தண்ணியாப் போகுது. அதுல மேல மேல தண்ணிய ஊத்துனா எப்புடி நிக்கும்?" தேத்தண்ணீர் கொடுக்கலாமா, கஞ்சி கொடுக்கலாமா என்று அம்மா யோசித்தாள். அதுவும் தண்ணீர்தானே என்று முடிவானது. ரோஸ் மருந்தை மட்டும் ஊற்றிவிட்டு, கொய்யாக் கொழுந்தை அரைத்து நாக்கில் தடவினார்கள். பிறகு அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று சத்தமாகவே சொன்னாள், எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது. "எம்புள்ளக்கி நிக்கிற வரைக்கும் நானும் பச்சத்தண்ணி தொடமாட்டேன் தாயே."

தொடவில்லை. அதற்கடுத்த இரண்டு நாளும் கூடையைச் சுமந்துகொண்டு மலை ஏறி இறங்கிய என் அம்மா ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. அவளை யாராவது குற்றம் சொல்ல நினைத்தால், முதலில் இதைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

மறுநாள் காலையில் கங்காணி இஸ்தோப்புக்கு முன்னால் வந்து நின்றார். மழைக்குக் கொழுந்து கிளம்பி நிற்கிறது, ஆள் போதாது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராதவர்களின் பெயரை வெட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அம்மா அழுதாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் என்ன தாயி செய்யட்டும், என் பேரயும் சேத்து வெட்டுவாங்க" என்றார். வயிற்றால் போகும் பிள்ளையைப் புள்ளமடுவத்தில் எடுக்க மாட்டார்கள். அதனால் என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நிறுத்திவிட்டு அம்மா கூடையை மாட்டினாள்.

"ஒன்னய நம்பித்தான் போறேன்" என்றாள். "என்ன அழுதாலும் தண்ணி குடுத்துறாத. எரக்கப்பட்டுக் குடுத்தீன்னா அவளக் கொன்ன மாதிரி. வெளங்குதா?"

எனக்கு விளங்கியது. பத்து வயதில் எனக்கு அவ்வளவு பெரிய பொறுப்பை யாரும் தந்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

காலையில் பேசும் நிலையில்தான் இருந்தாள். "அக்கா, தண்ணி" என்றாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "கொஞ்சோண்டு" என்றாள். விரல் நுனியைக் காட்டினாள். இல்லை என்றேன். என் அம்மா எனக்குச் சொல்லித் தந்ததை நான் அவளுக்குச் சொல்லித் தந்தேன். நாக்கை மேலே ஒட்டிக்கொள்ளச் சொன்னேன், வேறு எதையாவது நினைக்கச் சொன்னேன். அவளும் வாயை மூடிக்கொண்டு முயற்சி செய்தாள். "நான் பீலியத்தான் நெனக்கிறேன்" என்றாள்.

அவள் வாய்க்காரி மட்டுமில்லை, மூளைக்காரியும்கூட. கேட்டுக் கிடைக்காது என்று தெரிந்ததும் வேறு வழி பார்த்தாள். கை கழுவ வேண்டும் என்றாள். ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். துடைக்கும்போது துணியின் முனையைக் கவ்விக்கொண்டாள். நான் வாயைத் திறந்து பிடுங்கினேன். முகம் கழுவ வேண்டும் என்றாள், நான் ஏமாறவில்லை. அப்புறம் பாயில் எழுந்து குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, "அக்கா, நான் கொடம். கொடத்துல தண்ணி ஊத்துக்கா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், உதடு வெடித்துக் கொஞ்சம் இரத்தம் வந்தது. விளையாட்டுக்கும் ஊற்றவில்லை நான்.

மத்தியானம் நான் அடுப்பு பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் தவழ்ந்து குடத்துப் பக்கம் போயிருந்தாள். குடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தாள். நான் ஓடிப்போய்க் குடத்தைத் தூக்கி, அவளுக்கு எட்டாதபடி விறகுப் பரணில் வைத்தேன். நிறைகுடம், இடுப்பில் முட்டுக்கொடுத்துத்தான் ஏற்ற முடிந்தது. அவள் தரையில் உட்கார்ந்து பரணைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அழுதாள், ஆனால் கண்ணில் தண்ணீர் வரவில்லை. பாசாங்கு செய்கிறாள் என்று நினைத்தேன். ஆண்டவனே, நான் அப்படித்தான் நினைத்தேன்.

சாயங்காலம் அம்மா வந்தபோது வயிற்றால் போவது நின்றிருந்தது. வாந்தியும் இல்லை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். "நீ நல்லாப் பாத்துக்கிட்டம்மா, நின்னுருச்சு பாரு" என்று என் தலையில் முத்தமிட்டாள். அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னாள். அத்தை சாமியைக் கும்பிட்டாள். உள்ளே ஒன்றும் மிச்சமில்லாததால்தான் நின்றது என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. கண்கள் உள்ளே போயிருந்ததையும், கையில் கிள்ளினால் தோல் அப்படியே நின்றதையும் பார்த்தோம். களைப்பு, நாளைக்குத் தேறிவிடும் என்றாள் அம்மா. இன்னும் ஒரு நாள் அப்படியே இருக்கட்டும், நாளைக்குச் சாயங்காலம் கஞ்சி கொடுப்போம், நானும் அவளோடு சேர்ந்து விரதத்தை முடிப்பேன் என்று திட்டம் போட்டாள்.

அடுத்த நாள் அம்மா நம்பிக்கையோடு வேலைக்குப் போனாள். தங்கச்சிக்குக் குரல் போய்விட்டது. உதடு மட்டும் அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று காதை வைத்துக் கேட்கத் தேவையே இல்லை, அந்த அசைவு எனக்கு மனப்பாடம். நான் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, சாயங்காலம் கஞ்சி, சாயங்காலம் கஞ்சி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெயில் இஸ்தோப்புப் படியில் ஏறியபோது உதடு நின்றது. தூங்குகிறாள் என்று நினைத்து ஈ ஓட்டினேன். ஒரு ஈ கண்ணில் போய் உட்கார்ந்தது, அவள் இமைக்கவில்லை.

அம்மாவை மலையிலிருந்து கூட்டி வந்தார்கள். அதை நான் சொல்லப் போவதில்லை.

குளிப்பாட்டுவதற்குப் பீலியிலிருந்து ஏழெட்டுக் குடம் தண்ணீர் வந்தது. அத்தை தலையில் ஊற்றியபோது முகத்தில் வழிந்து, திறந்திருந்த வாய்க்குள் போனது. நான் பாய்ந்து போய் அத்தையின் கையைப் பிடித்தேன். "வாயில படாம ஊத்துங்க அத்தை, டொக்டர் ஐயா வேணாம்னு சொல்லியிருக்காரு" என்றேன். பொம்பளைகள் எல்லாம் அப்போதுதான் கத்தி அழுதார்கள்.

எட்டாம் நாள் டொக்டர் ஐயா வந்தார். ஊற்றில் வெள்ளைப் பவுடர் போட்டார்கள், கக்கூஸுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். எங்கள் இஸ்தோப்பில் நின்று, உண்மையாகவே வருத்தத்தோடு, "பச்சத்தண்ணி குடுத்தியாம்மா?" என்று கேட்டார். "சத்தியமா ஒரு சொட்டு குடுக்கலைங்க ஐயா. எம்மூத்த புள்ளதான் கூட இருந்துச்சு, கேட்டுப் பாருங்க" என்றாள் அம்மா. நான் தலையாட்டினேன். அவர் ஒன்றும் புரியாமல் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். அத்தையின் மகன் பிழைத்துக்கொண்டான். அந்தக் கழுதை யாருக்கும் தெரியாமல் கஞ்சிப் பானையில் மேலே நின்றதையெல்லாம் குடித்திருக்கிறான். கண் பட்டது எங்கள் பிள்ளைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

நான் கல்யாணமாகிப் பண்டாரவளைக்கு வந்தேன். என் மகனுக்கு இரண்டு வயதில் வயிற்றோட்டம் வந்து பதுளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். காலையில் நர்ஸ் மிஸ் வந்து, "பச்சத்தண்ணி குடுக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் கல் மாதிரி உட்கார்ந்தேன். பிள்ளை கேட்டது, நான் கொடுக்கவில்லை. மத்தியானம் அவர் திரும்பி வந்து, பிள்ளையின் நாக்கைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன குடுத்தீங்க இவ்வளவு நேரம்?"

"ஒன்னுமே குடுக்கல மிஸ். நீங்க சொன்ன மாதிரியே."

"நான் எங்கம்மா சொன்னேன்? பச்சத்தண்ணின்னா காய்ச்சாத தண்ணி. காய்ச்சி ஆறவச்சு எவ்வளவு வேணும்னாலும் குடுங்க. குடுக்காட்டித்தான் புள்ள செத்துப்போகும்."

அவரே ஆறின தண்ணீரில் உப்பும் சீனியும் கலந்து கரண்டி கரண்டியாகக் கொடுத்தார். பிள்ளை கரண்டியைக் கடித்துப் பிடித்துக்கொண்டு குடித்தது. சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து என் வளையலைப் பிடித்து இழுத்தது. அவ்வளவுதான் மருந்து. எங்கள் வீட்டில் அடுப்பு இருந்தது, விறகு இருந்தது, உப்பு இருந்தது, சீனி இருந்தது, பரண் மேல் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. நான் அந்த வார்டிலேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். தான் அதட்டியதற்காக அழுகிறேன் என்று நினைத்து அந்த மிஸ் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மகனைத் தூக்கிக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போனேன். சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமக்க முடியவில்லை, அவளும் ஒரு பக்கம் பிடிக்கட்டும் என்று இருந்தது. அம்மா அப்போதும் அதே காம்பராவில்தான் இருந்தாள். பேரன் போத்தலில் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வயித்தால போற புள்ளக்கி தண்ணி குடுக்கச் சொன்னாங்களா?" என்றாள்.

"ஆமாம்மா."

அவள் கை அரிசி முறத்தில் நின்றது. முகம் மாறத் தொடங்கியது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. "இது இப்ப வந்த புது வைத்தியம்மா" என்று பொய் சொன்னேன். "தண்ணியில ஒரு மருந்து கலந்து குடுக்குறாங்க. அந்தக் காலத்துல இதெல்லாம் எங்க இருந்துச்சு."

மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்த ரெண்டு நாளும் நான் மலையில நின்னேன். நீதானே கூட இருந்த. இத்தன வருசமா ஒன்னயக் கேக்கத் தைரியமில்ல எனக்கு. சின்னவ தண்ணி கேட்டாளாம்மா?"

"இல்லம்மா" என்றேன். "கேக்கவேயில்ல. தூங்கிக்கிட்டேதான் இருந்தா."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். மூச்சை இழுத்து விட்டாள். "அப்ப தாகத்தோட போகல" என்றாள். "அது போதும் எனக்கு." எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து எனக்குச் சோறு போட்டாள்.

அதற்குப் பிறகு யார் வீட்டில் பேச்சு வந்தாலும், எந்தச் சாவுக்குப் போனாலும், அம்மா அதைச் சொல்லுவாள். "எஞ்சின்னவ ஒரு வாய் தண்ணி கேக்காம, தூங்குற மாதிரியே போயிட்டா" என்பாள். நான் பக்கத்தில் இருந்தால் என் கையைப் பிடித்து முன்னால் இழுப்பாள். "இவதான் கூட இருந்தா. வேணும்னா இவளக் கேட்டுப் பாருங்க" என்பாள். அம்மா சாகும் வரைக்கும், யார் கேட்டாலும், ஆமாம், கேட்கவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.